சகலை செய்த ஸ்டூல்

ஒயின் கடையின் பின்பக்கம் சரக்கு இறக்கும் அறை ஒன்று இருக்கிறது. அங்கே வரும் பெட்டிகளை முதலில் பிரிப்பவர் நம் ஆள். பெட்டிக்குள் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு தெர்மாகோல் பலகைகள் இருக்கும். அவற்றின் பள்ளங்களில் பாட்டில்கள் தொட்டில் பிள்ளைகள்போலப் படுத்துக் கிடக்கும். பாட்டிலை எடுத்து அடுக்கியதும் மற்றவர்களுக்கு வேலை முடிந்தது. இவருக்கு அதற்குப் பிறகுதான் வேலையே. பலகையில் ஒட்டியிருக்கும் டேப்பையும் லேபிளையும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுப்பார். மறுசுழற்சிக் கொட்டகைக்காரர்கள் பொல்லாதவர்கள். ஒரு துண்டு டேப் கண்ணில் பட்டாலும் மூட்டையையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுத்தமாக இருந்தால் பொடித்து, உருக்கி, கட்டியாக்குவார்கள். ஓர் அறை நிறைய அனுப்பினால் தலையணை அளவுக்குக் கட்டி வருமாம். இவர் வருவதற்கு முன்னால் அத்தனையும் குப்பைக்குத்தான் போனது. முதலாளியோடு மல்லுக்கட்டி அதை மாற்றியவர் இவர். கடையில் இவருக்கு ‘சுரண்டி’ என்று பேர். கேலிதான் என்றாலும், அந்தப் பேரில் இவருக்கு உள்ளூரப் பெருமை.

உடையாத பலகைகளை வீட்டுக்கும் தூக்கி வருவார். சன்னல் இடுக்கில் காற்றை அடைத்தார், செருப்பு வைக்க அடுக்கு செய்தார், பள்ளங்களில் மண் போட்டு விதை ஊன்றினார். ஒருவர்கூட வாய் திறந்து நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை.

“வீட்ல நாங்க இருக்கிறதா, இல்ல இந்த தெர்மாகோல் இருக்கிறதா? ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுங்க” என்பாள் மனைவி.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் சகலை வந்து நாலு பலகை கேட்டார். மனைவியின் தங்கை வீட்டுக்காரர், தையல்காரர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். இவரும் தாராளமாக அள்ளிக் கொடுத்தார். அதுதான் வினையாகிப் போனது.

மாமியாருக்கு முழங்கால் வலி. மேல்மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. படியிறங்க முடியாமல் அந்த அம்மாள் தெருவைப் பார்த்தே நெடுநாளாகியிருந்தது. சகலை அந்தப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பட்டையால் இறுக்கிக் கட்டி, மேலே பஞ்சு வைத்து, பழைய கோட்டுத் துணியில் உறை தைத்து மாட்டினார். ஆள் உட்கார்ந்தால் அசையாத ஸ்டூல், தூக்கினால் ஒரு விரலில் வரும். அதை மேல்மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்துவிட்டார். மாமியார் பாதிப்படி இறங்கி அதில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரோடெல்லாம் கதை பேச ஆரம்பித்தார். கதை முழுக்கச் சின்ன மாப்பிள்ளையைப் பற்றித்தான்.

“குப்பையில போறதைக் கொண்டாந்து எனக்கு சிம்மாசனம் பண்ணிக் குடுத்திருக்கார் பாருங்க.”

குப்பையில் போறதாம்! அதைக் குப்பைக்குப் போகாமல் காத்தவன் எவன்? டேப்பைச் சுரண்டியே நகம் தேய்ந்துபோனவன் எவன்? பலகை இவருடையது, பேர் சகலைக்கு. இவருக்கு வயிறு பற்றி எரிந்தது. மனைவியாவது தன் பக்கம் பேசுவாள் என்று பார்த்தால், “தையலைப் பாத்தீங்களா, எவ்வளவு நறுவிசு!” என்று அவள் எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றினாள். அதன் பிறகு மாமியார் வீட்டுக்குப் போனால் இவர் அந்த ஸ்டூலைச் சுற்றிக்கொண்டுதான் படியேறுவார். ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

ஒருநாள் சகலை கடைக்கே வந்தார்.

“அண்ணே, கீழ்த் திருப்பத்துக்கும் ஒண்ணு பண்ணிட்டா அத்தை தெருவுக்கே இறங்கிடுவாங்க. ஆனா பட்டை அடிக்கடி நழுவுது, பலகை வழுக்குது. என்ன பசை போட்டா நல்லா பிடிக்கும்? இந்த விஷயத்துல எனக்கு வாத்தியார் நீங்கதான்.”

வாத்தியார் என்ற சொல்லுக்கு இவர் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. மாமியார் தெருவில் இறங்கி நின்று சகலை புகழ் பாடுவது மட்டும்தான் காதில் கேட்டது.

“செருப்புக்கு ஒட்டுவாங்களே ரப்பர் பசை, அதைப் போடுங்க தம்பி. தடவின உடனே அழுத்தி, உறையையும் மாட்டிடுங்க. அப்புறம் யானை இழுத்தாலும் வராது.”

அந்தப் பசை தெர்மாகோலைத் தின்றுவிடும். கடையில் யாரோ உடைந்த பலகையை அதைப் போட்டு ஒட்டிவைக்க, மறுநாள் அது சொத்தைப் பல்போலக் குடைந்துபோயிருந்தது. அன்றிலிருந்து அந்த டப்பாவை இந்த அறைப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்டவரே இவர்தான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல இதமாகச் சொல்லி, நல்ல பலகைகளாகப் பார்த்துப் பொறுக்கியும் கொடுத்தனுப்பினார்.

என்ன ஆகிவிடும்? ஸ்டூல் கொஞ்சம் அமுங்கும், சகலையின் மூக்கு கொஞ்சம் உடையும். அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு வீட்டில் நன்றாகவே சாப்பிட்டார். அதில் யார் உட்காரப்போகிறார் என்ற நினைப்பை மட்டும் கிட்டவே விடவில்லை.

விடுமுறை நாளில் எல்லோரும் கூடினார்கள். மாமியார் தெருவுக்கு இறங்குகிறார் என்றால் சும்மாவா! சகலை புது ஸ்டூலைக் கீழ்த் திருப்பத்தில் வைத்துவிட்டு, சுவரோரம் ஒதுங்கி நின்றார். நீலத் துணி, ஓரத்தில் மஞ்சள் தையல். இவர் மனைவியோடு படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். நெற்றியில் வேர்வை. திருப்பத்துக்கு வந்ததும், “அப்பாடா” என்று சொல்லி, ஸ்டூலுக்கு முதுகைக் காட்டி, கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

அந்தக் கை கம்பியை விட்டபோதுதான், உட்காரப்போவது யார் என்பது இவருக்கு உறைத்தது. படிகளைத் தாவி ஏறி, மாமியாரைத் தோளால் தள்ளாத குறையாக ஒதுக்கி, அந்த ஸ்டூலில் தானே போய்த் தொப்பென்று உட்கார்ந்தார்.

ஸ்டூல் சப்பென்று உள்வாங்கியது. இவர் மல்லாக்க விழுந்தார், தலை சுவரில் இடித்தது. கிழிந்த உறையிலிருந்து வெள்ளை மணிகள் படியெல்லாம் சிதறின. உள்ளே பலகை குகையாகியிருந்தது, பழுப்புப் பசை நூல்நூலாகத் தொங்கியது.

மாமியார் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு சின்ன மாப்பிள்ளையைப் பார்த்தார்.

“என்ன தம்பி இது? நான் உக்காந்திருந்தா இந்நேரம் இடுப்பு போயிருக்குமே!”

சகலையின் முகம் சுண்டிப்போனது. அந்தக் குகையைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். ஒரே பார்வைதான். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று இவருக்கும் புரிந்தது.

“தப்புதான் அத்தை. பசை சரியில்ல. நான்தான் விசாரிச்சு வாங்கியிருக்கணும்” என்றார் சகலை. குனிந்து வெள்ளை மணிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

மாமியார் இவர் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

“எப்படித்தான் உங்களுக்குத் தோணுச்சோ! நீங்க முந்திக்கலேன்னா நான் அவ்வளவுதான். மாப்பிள்ளைன்னா நீங்கதான் மாப்பிள்ளை.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவர் இத்தனை நாள் வெந்து செத்தார்! வந்துவிட்டது, கூட்டத்துக்கு நடுவே, மனைவி காதுபட வந்துவிட்டது. ஆனால் இனிக்கவில்லை. கண் சகலையின் முதுகிலேயே நின்றது. இவர் செய்த பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் மணி பொறுக்கிக்கொண்டிருக்கிறானே! இதிலும் இவனே ஜெயித்துவிட்டானே! வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஆயுசுக்கும் இவன்தான் பெரிய மனிதன். அதை மட்டும் இவரால் தாங்கவே முடியாது.

“அந்தப் பசையைப் போடச் சொன்னது நான்தான் அத்தை. அது தெர்மாகோலைத் தின்னுடும்னு தெரிஞ்சேதான் சொன்னேன்.”

மனசாட்சி உறுத்திச் சொன்னார் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு ஓரத்தில் இருந்தது. பெரும்பங்கு பொறாமைதான்.

இவர் தலையைத் தடவிப் பார்க்க வந்த மனைவி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மாமியார் இவரைப் பார்த்தார். முழங்கால் புடவைக்குள் நடுங்குவது தெரிந்தது.

“அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். எனக்குக் காலு நிக்க மாட்டேங்குது. நான் இப்ப எதுல உக்காரட்டும்?”

மேல் திருப்பத்தில் பட்டை கட்டிய பழைய ஸ்டூல் இருந்தது. இவருக்கும் அது நினைவுக்கு வந்தது. இவர் சுவரைப் பிடித்து எழுந்திருப்பதற்குள் சகலை கையிலிருந்த மணிகளைப் போட்டுவிட்டு மேலே ஓடினார். இந்தத் தடவையும் அவர்தான் முந்திக்கொண்டார்.