ஆயுத பூஜையும் கருப்புத் திரையும்

கம்ப்யூட்டர் சரிசெய்பவனுக்கு வரும் போன்களில் பாதி, "நான் ஒண்ணுமே பண்ணல சார்" என்றுதான் தொடங்கும். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

துடைத்த கை

வெளிநாட்டில் இதே வேலை பார்த்துவிட்டுத் தாம்பரம் திரும்பிய எனக்கு, ஆயுத பூஜையும் கம்ப்யூட்டருக்கு ஆபத்து என்பது மறந்திருந்தது. குரோம்பேட்டையில் அச்சகம் நடத்தும் தனபால் அன்று மதியம் கூப்பிட்டார். டைப் செய்யும் ஸ்டெல்லா சாப்பிடப் போன நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் கீபோர்டை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். இடது கை கன்ட்ரோலையும் ஆல்டையும் சேர்த்து அமுக்கிப் பிடித்திருக்க, வலது கை எஃப் ஒன், எஃப் டூ என்று கீகள் இருக்கும் மேல்வரிசையைத் தேய்த்திருக்கிறது. திரையில் அந்தம்மா காலையிலிருந்து டைப் செய்த பள்ளி ஆண்டு மலர், சேவ் செய்யாமல். பூஜை போட்டபின் விஜயதசமி வரை மெஷினைத் தொடமாட்டார்கள். மலரோ மறுநாள் காலையிலேயே வேண்டும்.

"முழுக்கக் கருப்பா கீது சார், லாகின்னு ஒரே ஒரு வரி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடட்டா?"

விழாத எழுத்து

"சுவிட்சைத் தொடாதீங்க!" என்று கத்தினேன். அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக இருந்தது லினக்ஸ்; அதில் நாம் வழக்கமாக வேலை செய்யும் படத்திரைக்குப் பக்கத்திலேயே வெறும் எழுத்து மட்டும் வரும் திரைகள் சில உண்டு. கன்ட்ரோல், ஆல்டோடு ஒரு எஃப் கீயையும் அமுக்கி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் முந்தையது அணைந்துவிடாது. கண்ணிலிருந்து மறையும், அவ்வளவுதான். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் ஸ்டெல்லா வந்து பெயரையும் பாஸ்வேர்டையும் அடிக்கத் தொடங்கிவிட்டார். அந்தத் திரையில் பாஸ்வேர்டு அடித்தால் ஒரு புள்ளிகூட விழாது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணன் தொடச்ச தண்ணி உள்ள போயிடுச்சு சார், கீபோர்டு செத்துப்போச்சு!"

எஃப் டூ

"கன்ட்ரோல், ஆல்ட், எஃப் ஒன்" என்றேன். நுழைவுத் திரை வந்தது. "ஐயோ, வெளியே தள்ளிடுச்சு!" என்று தனபால் குரல். ஸ்டெல்லா வேலை செய்த இடம் அடுத்த திரையாக இருக்க வேண்டும். "அதையே அமுக்கி, எஃப் டூ."

பூஜை மணிச்சத்தத்துக்கும் சாம்பிராணி இருமலுக்கும் நடுவே கீ அமுங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்டெல்லா பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் அப்படியே கீது சார், கர்சர்கூட நான் வுட்ட எடத்துலயே நின்னு கண்ணடிக்குது! அண்ணா, நீங்க தள்ளி நில்லுங்க, நான் சேவ் பண்ணிக்கிறேன்."

கம்ப்யூட்டர் வைத்தியத்தில் பாதி, உயிரோடு இருப்பதை யாரும் அவசரப்பட்டு அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.