கோட்டுக்கு மேலே ஒரு செம்பு

பிள்ளைகளே, இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று சிலர் கார்டு போட்டுக் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பனிமலையில் இருந்தேன் — ஒரு லாரியோடு!

ஊர் திரும்பியதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "ஐஸைக் கையில எடுத்தியா?" எடுத்தேன். கை விறைத்தது. அவ்வளவுதான். எனக்கு இருக்கும் எரிச்சல் வேறு. ஒரு டேங்க்கில் கோடு போட்டு, 'இதற்கு மேல் ஊற்றாதே' என்று எழுதியும் ஒட்டியிருந்தால், அதற்கு மேல் ஊற்றக்கூடாது. இதில் என்ன கஷ்டம்? நம் ஆட்களுக்கு இது மட்டும் ஏன் மண்டையில் ஏறுவதில்லை?

முதலிலிருந்து சொல்கிறேன்.

செவிலிமேட்டில் கம்பெனி பஸ் ஏறி, ஒரகடம் பக்கம் லாரிகளைச் சோதித்துப் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குத் தினமும் போய் வருகிற மெக்கானிக் நான். வெளிநாட்டுக்கு அனுப்பும் லாரிகளில் இப்போது ஒரு புது சமாச்சாரம் வந்திருக்கிறது. டீசல் டேங்க்குக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன பிளாஸ்டிக் டேங்க். அதற்குள் யூரியா கலந்த தண்ணீர்.

யூரியா வயலுக்குப் போடுவதாச்சே என்கிறீர்களா? அதேதான், ஆனால் ரொம்ப ரொம்ப சுத்தமானது. இந்தத் தண்ணீரைப் புகைக்குழாய்க்குள் பொடிப்பொடியாகப் பீய்ச்சுவார்கள். அந்தச் சூட்டில் அது புகையில் இருக்கும் ஒரு கெட்ட வாயுவைப் பிடித்து, வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். நாம் இழுக்கும் மூச்சில் பெரும்பங்கு நைட்ரஜன்தானே? ஒரு கெடுதலும் இல்லை. நம் ஊர் லாரிகள் பலவற்றில் இது இன்னும் வரவில்லை. வந்தால் நம் நெஞ்சுக்கு நல்லது.

சிக்கல் குளிரில்தான். சைபருக்குக் கீழே பதினோரு டிகிரி போனால் யூரியா தண்ணீர் கட்டியாகிக் கல்லாகிவிடும். லாரி போகப்போகிற நாடுகளில் அதைவிடக் கடுமையான குளிர். அதனால்தான் இமாசலத்தில், ஆப்பிள் தோட்டங்களுக்கும் மேலே உள்ள ஒரு மலையூருக்கு லாரியைக் கொண்டுபோனோம். மூன்று பேர். இன்ஜினியர் வசுதா மேடம், சின்னக் காஞ்சிபுரத்துப் பெண், வயது இருபத்தாறு. டிரைவர் ஏகாம்பரம். அப்புறம் நான்.

ஏகாம்பரத்துக்கு இது வெறும் டூட்டி இல்லை. ஆறு வருஷமாக அவன் கான்ட்ராக்ட் ஆள். பனியில் வண்டியை ஒரு புகாரும் இல்லாமல் ஓட்டிக் காட்டினால் பெர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாசம். லாரியை டிரெய்லரில் முன்னாலேயே அனுப்பிவிட்டு நாங்கள் ரயிலில் போன மூன்று நாளும் அவன் பேச்சில் அந்த பெர்மனென்ட் ஆர்டரைத் தவிர வேறொன்றும் இல்லை.

போன அன்றே தண்ணீர் கல்லாகிவிட்டது. மேடம் முகத்திலோ ஒரே சந்தோஷம்!

"உறையணும் அண்ணா, அதுக்குத்தானே வந்தோம்" என்றார்.

அப்போதுதான் எனக்கே முழுசாக விளங்கியது. இந்த ஏற்பாடு குளிரோடு மல்லுக்கட்டுவதில்லை. உறைந்தால் உறைந்துவிட்டுப் போ என்று விட்டுவிடுகிறது. என்ஜின் ஸ்டார்ட் ஆக அந்தத் தண்ணீர் தேவையே இல்லை. வண்டி பாட்டுக்குக் கிளம்பும். என்ஜினைச் சுற்றி ஓடிச் சூடான தண்ணீர் இருக்கிறதே, அது ஒரு குழாய் வழியாக இந்த டேங்க்குக்குள் வளைந்து ஓடி, கட்டியை மெல்லக் கரைக்கும். பீய்ச்சும் குழாய்களுக்குத் தனியாக கரண்ட் சூடு. சாவியை அணைத்தால், குழாயில் மிச்சமிருப்பதை பம்ப்பே டேங்க்குக்குள் இழுத்துக்கொள்ளும். குழாய் காலியாக இருந்தால் உறைவதற்கு என்ன இருக்கிறது? யூரியாவும் தண்ணீரும் சேர்ந்தே உறைந்து சேர்ந்தே உருகும்படி அளவு பார்த்துக் கலந்திருக்கிறார்கள். அதனால் கரைந்த பிறகு பழையபடியே இருக்கும்.

மனிதன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று... சும்மா இருப்பது. அதுதான் நம்மால் முடியாதே!

தங்கியிருந்த இடத்துச் சமையல்காரர் கொதிக்கும் வெந்நீரோடு ஓடிவந்தார். ஒரு சர்தார்ஜி டிரைவர், டேங்க்குக்கு அடியில் விறகு அடுக்கிக் கொளுத்து என்று கையாலேயே ஜாடை காட்டினார். பிளாஸ்டிக் டேங்க், ஐயா! ஊரிலிருந்து போனில் என் மச்சான் வேறு. அவர் தறிக்காரர். பட்டுக்குச் சாயம் போடுகிற வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"மாமா, சாயத் தொட்டி ஆறாம இருக்க அடியில தணல் வெப்போம்ல, அத்த மாதிரி வெய்யி மாமா."

"அது செம்புத் தொட்டிபா. இது பிளாஸ்டிக்கு."

"அப்ப தள்ளி வெய்யி!"

காஞ்சிபுரத்தில் மார்கழிக் காலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு நடுங்குகிற மனுஷர், பனிக்கு வைத்தியம் சொல்கிறார். ஏகாம்பரமாவது சும்மா இருந்தானா?

"உப்பு போட்டுப் பாக்கலாமாணா? ஐஸ் வண்டிக்காரன் பொட்டியில உப்பு போடறான்ல?"

"அவன் ஐஸ் கரையாம இருக்கணும்னு இன்னும் சில்லு ஏத்தறதுக்குப் போடறான்டா! உப்பு போட்டா மொத்த மெஷினும் போச்சு."

இப்படி ஒவ்வொருவராக விரட்டி விரட்டி என் தொண்டை கட்டிவிட்டது. ஒரு பொருள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது என்றால் நமக்குப் பொறுக்காதா?

அடுத்து வந்தது சனிக்கிழமை. காலையில் முக்கியமான சோதனை. அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி ஓடி டேங்க் கரைந்திருந்த நேரத்தில், குறைந்திருந்த தண்ணீரை ஏகாம்பரம் கேனிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். டேங்க்கில் சிவப்புக் கோடு. பக்கத்திலேயே மேடம் தமிழில் எழுதி ஒட்டிய சீட்டு. உறையும்போது பருத்துக்கொள்ள மேலே இடம் வேண்டும், அதற்காகத்தான் கோடு.

"அண்ணா, கோடு வந்துட்சி. கேன்ல ஒரு செம்பு அளவு மிச்சம் இருக்குது. போதுமா?"

நான் பார்த்தேன். டேங்க்கின் கழுத்து காலியாகத் தெரிந்தது. நாளைக்குப் பெரிய காரியம். வெள்ளிக்கிழமை அதுவுமாக எங்கள் வீட்டில் குடத்தைக் குறையாக வைத்ததே கிடையாது. அரிசிப் பானையைக்கூட வைக்க மாட்டோம்.

"வெள்ளிக்கெழம கொறையா வெக்காதடா. ரொப்பு" என்றேன்.

ஆமாம் பிள்ளைகளே. நான்தான் சொன்னேன். அத்தனை பேரையும் விரட்டிய நானேதான்!

சனிக்கிழமை காலை. சைபருக்குக் கீழே பதினெட்டு. சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. மேடம் கைதட்டினார். ஏகாம்பரம் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினோம். டேங்க்கின் மேல் விளிம்பில் ஒரு ஈரக்கோடு. அப்புறம் ஒரு சொட்டு. அது காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. உறைந்து பருத்ததில் டேங்க் விரிசல் விட்டிருந்தது.

மேடம் குனிந்து பார்த்தார். மூடியைத் திறந்து பார்த்தார்.

"கோட்டுக்கு மேல இருந்திருக்கே. யார் ஊத்தினது?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன்.

"நான்தான் மேடம்" என்றான் அவன்.

அவர் நோட்டில் எழுதினார். ஏகாம்பரம் போய் வண்டியின் படியில் உட்கார்ந்துகொண்டான். ஆறு வருஷம், பிறக்கப்போகும் பிள்ளை, ஆர்டர், எல்லாம் அந்த ஒரு வரியில் போகிறது. எனக்குத் தெரிகிறது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. என் கையில் யாரோ ஒரு கிளாஸ் டீ கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். பெர்மனென்ட் ஆளான எனக்கு வேலை போகாது. பெயர்தான் கெடும். அதற்கே இவ்வளவு பயம்! டீயைக் குடிக்கப் போனால் அது பச்சைத்தண்ணீராக இருந்தது.

கீழே கொட்டிவிட்டு மேடத்திடம் போனேன். "அவன் கோட்டோட நிறுத்திட்டான் மேடம். ரொப்பச் சொன்னது நான்."

"சீட்டைப் படிக்கலையா அண்ணா?"

"படிச்சேன்."

"அப்புறம்?"

"வெள்ளிக்கிழமை மேடம்..."

திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"எங்காத்துல அம்மாவும் இப்படித்தான், குடத்தைக் குறையா வைக்க விடமாட்டா" என்றார். பிறகு முகம் மாறியது. "இந்த லாரியை வாங்கறவன் ஊர்லயும் ஒரு அம்மா இருப்பா இல்லையா? அங்கேயும் எவனாவது ரொப்பத்தான் போறான். கோடு போட்டாப் போதாது அண்ணா. ஊத்தற வாயையே கீழே இறக்கணும். அதுக்கு மேல எவன் ஊத்தினாலும் வெளியிலதான் கொட்டணும்."

நோட்டில் ஏகாம்பரத்தின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். அதற்குக் கீழே வாயை இறக்கிப் படமும் போட்டார்.

புது டேங்க் அப்படித்தான் வரப்போகிறது. மனிதனுக்குப் புத்தி சொல்வதைவிட டேங்க்கைத் திருத்துவது சுலபம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு மெமோ வந்தது. எழுத்திலிருந்த உத்தரவை மீறியதற்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். ஏகாம்பரத்துக்கு இந்தத் திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. கம்பெனி பஸ்ஸில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டே வந்தான். என் சீட்டுக்கு வந்ததும் இரண்டு துண்டு எடுத்து வைத்தான்.

"எனக்கு மட்டும் எதுக்குடா ரெண்டு?"

"உண்மையச் சொன்னியே, அதுக்கு ஒண்ணு" என்றான். "சொல்ல இன்னா நேரம் எடுத்துக்கினே நீ... அத்த மறக்கறதுக்கு ஒண்ணு. துண்ணுணா."

தின்றேன். இரண்டாவது துண்டு இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.