தானே வெடிக்கும் பூதம்

எட்டு வயதில் எனக்குத் தெரிந்த சட்டதிட்டங்கள் எல்லாம் அண்ணாவின் கையடக்க வீடியோ கேமுக்குள் இருந்தவைதான். அதில் பூதங்களைப் பிடித்து வளர்த்து, மற்றவர்களின் பூதங்களோடு சண்டைக்கு விடவேண்டும். பெரிய அடி எதுவும் சும்மா கிடைக்காது என்று அண்ணா வகுப்பெடுப்பார். ஒரு வகை அடி அடித்தால் அடுத்த முறை அசையவே முடியாது. இரவு வேலை முடிந்து வந்து செற்றி இருக்கையில் விழும் அப்பாவைப்போல பூதம் கிடக்கும். இன்னொன்றில் எதிரிக்கு விழுவதில் ஒரு பங்கு அடித்தவருக்கும் விழும். எல்லாவற்றிலும் பெரியது, பூதம் தானே வெடிப்பது. எதிரியும் விழும், நம்முடையதும் விழும்.

அந்த வின்டரில் அம்மாவின் தம்பி ஊரிலிருந்து வந்து, எங்கள் மல்வேர்ன் வீட்டில் எங்களோடு இருந்தார். அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. மாமா அதிகம் பேசமாட்டார். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் எழுந்து நின்றுவிடுவார். ஆனால் நான் கேமை எடுத்தால் பக்கத்தில் வந்து இருப்பார். என் பூதங்களைச் சுகம் விசாரித்த ஒரே பெரியவர் அவர்தான். எனக்கு அவரை நன்றாகப் பிடிக்கும்.

அன்று என்னிடம் இரண்டு பூதங்கள் மிஞ்சியிருந்தன, எதிரியிடம் ஒன்று. அது மலைபோல நின்றது. நான் உருண்டையான சின்னப் பூதத்தை முன்னுக்கு விட்டேன். பாவம், உது என்ன செய்யும் என்று மாமா கேட்டார். பாருங்கோ என்று சொல்லிப் பொத்தானை அமத்தினேன். திரை வெளிச்சமாகி அணைந்தது. இரண்டும் விழுந்தன. வென்றுவிட்டேன் என்று துள்ளித் திரும்பினால், மாமாவைக் காணவில்லை.

பாத்றூம் உள்ளிருந்து பூட்டியிருந்தது. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். முதலில் மெதுவாகத் தட்டினார், பிறகு இரண்டு கையாலும்.

"தம்பி, கதவைத் திறவடா. அக்கா கேக்கிறன், திற."

அம்மாவின் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. மாமா உள்ளே செத்துப்போனால் அது என்னால்தான் என்று நினைத்தேன். அம்மா திரும்பி என் தோளைப் பிடித்து, மாமா ஊர்க்கதை ஏதும் சொன்னாரா, அதைப் பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது சொன்னேனா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேமை நீட்டிக் காட்டினேன். அம்மா அதைப் பார்க்கவேயில்லை.

மாமா ஊரில் இயக்கத்தில் இருந்தவர் என்பதும், வழக்குக்காக அதை மறைத்திருந்தார்கள் என்பதும், அவர் பயிற்சி கொடுத்த ஒரு பெடியன் அந்தப் பூதத்தைப்போலத்தான் போனான் என்பதும், வளர்ந்த பிறகு துண்டுதுண்டாக என் காதில் விழுந்தவை.

கடைசியில் கதவு திறந்தது. மாமாவின் முகமும் சட்டையும் நனைந்திருந்தன. என் முன்னால் குந்தியிருந்து மெதுவாகக் கேட்டார்.

"அது திரும்ப எழும்புமோ, பிள்ளை?"

கேமுக்குள் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எழும்பும் என்றேன். அவர் கொஞ்சநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆர் அதை வெடிக்கச் சொன்னது?"

அவரைத் தேற்ற நினைத்து, கொஞ்சம் பெருமையோடும் சொன்னேன்.

"நான்தான் மாமா. நான் என்ன சொன்னாலும் அது கேக்கும்."

மாமா எழுந்து, சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போனார். அவ்வளவு பெரிய மனிதர் என்னைப் பார்த்து ஏன் பயந்தார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.