கணக்கை வாசித்தது நான்தான்

1. முதல் நாள்

டிலானியை அவளுடைய அம்மா ஒரு திங்கட்கிழமை பின்னேரம் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். காலி வீதியில் உள்ள ஒரு சாரிக் கடையில் வேலை செய்பவர், பெயர் ஜெயந்தி. ஒரு மணித்தியாலம் லீவு கேட்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

நான் வகுப்புத் தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் பிறந்த பிறகு காப்புறுதிக் கம்பனி வேலையை விட்டிருந்தேன். உயர்தர வகுப்பில் வர்த்தகம் படித்தவள், கணக்கு நன்றாக வரும். மகள் தூங்கும் பின்னேர நேரத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு பிள்ளைகளை இருத்தி, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கணக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

ஜெயந்தி அக்கா சொன்னார்: “மிஸ், இவள் ரெண்டாம் ஆண்டு வரைக்கும் சிங்கள மீடியத்தில படிச்சவள். பிறகுதான் தமிழுக்கு மாத்தினாங்கள். அதால கொஞ்சம் ஸ்லோ.”

“கணக்குக்கு என்னத்துக்கு அக்கா பாஷை? பெருக்கல் வாய்ப்பாடு தெரியுமோ?”

“பன்னிரண்டு வரைக்கும் சொல்லுவாள்.”

“அப்ப பிரச்சினை இல்லை.”

டிலானி வாய்ப்பாட்டைத் தண்ணீர் மாதிரிச் சொன்னாள். ஏழாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்தும் சொன்னாள். நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். ஒரு தாள் கொடுத்து, ‘இதை வாசி பார்ப்பம்’ என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டுக்கு மேல் வகுப்புக் கிடையாது. அடுத்த வருடம் எங்கேயாவது ஆறாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். புலமைப்பரிசில் கிடைத்தால் பெரிய பாடசாலை ஒன்று கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு பாடசாலைக் கந்தோராக ஏறி இறங்க வேண்டும். போகும்போது ஜெயந்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “எல்லாம் இந்த ஒரு சோதினையிலதான் மிஸ் இருக்கு.”

2. நான் நடத்திய விதம்

வசனக் கணக்குத்தான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். கூட்டச் சொன்னால் கூட்டுவார்கள், பெருக்கச் சொன்னால் பெருக்குவார்கள். கதையாக எழுதினால் திகைத்துப்போவார்கள். ஆறு பேரும் ஆறு வேகத்தில் வாசித்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். ஆகவே கணக்கை நானே வாசித்தேன். தாள் எல்லோர் முன்னாலும் இருக்கும், வாசிப்பது மட்டும் நான்.

“ஒரு பேருந்தில் நாற்பத்தெட்டுப் பேர் இருந்தனர். முதலாவது தரிப்பிடத்தில் பதின்மூன்று பேர் இறங்கினர். ஒன்பது பேர் ஏறினர். இப்போது பேருந்தில் எத்தனை பேர்?”

இதை நான் எப்படி வாசித்தேன் என்பதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். ‘இறங்கினர்’ என்று சொல்லும்போது குரல் தாழும், கை மேசைப் பக்கம் போகும். ‘ஏறினர்’ என்னும்போது கை மேலே எழும்பும். எண் வந்தால் ஒரு கணம் நிற்பேன். கணக்கில் பாதி என் குரலிலும் மீதி என் கையிலும் இருந்தது. பிள்ளைகள் நாற்பத்துநான்கு என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். எல்லோரையும்விட முதலில் நிமிர்வது டிலானி.

தாய்மாருக்கு என்மேல் நம்பிக்கை வந்தது. எனக்கும் வந்தது. மாதிரிப் பரீட்சை ஒன்று வைத்தேன். அதிலும் நேரத்தை மிச்சம் பிடிக்க வினாக்களை நானே வாசித்தேன். டிலானிக்கு நூற்றுக்கு எழுபத்தெட்டு. ஜெயந்தி அக்கா அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அடுத்த கிழமை அதே கடையில் வேலை செய்யும் இன்னொருவர் தன் மகளைச் சேர்க்க வந்தார்.

3. குரல் போன புதன்கிழமை

பரீட்சைக்கு ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், இருக்கும்போது மகளுக்குத் தடிமன் வந்தது. அவளிடமிருந்து எனக்குத் தொற்றி, தொண்டை கட்டிக் குரல் முழுதாகப் போய்விட்டது. வகுப்பை நிறுத்த மனமில்லை. ‘இன்று நீங்களே வாசித்துச் செய்யுங்கள்’ என்று பலகையில் எழுதிவிட்டு, தாள்களைக் கொடுத்தேன்.

மாளிகாவத்தையிலிருந்து வரும் ரிஸ்னா சும்மா இருக்க மாட்டாள். “மிஸ் இண்டக்கி சைலன்ட் மோட்ல ஈக்கிறாங்க!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டிலானி சிரிக்கவில்லை.

முதலாவது கணக்கு: ஒரு நூலகத்தில் ஆறு அலுமாரிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் முப்பத்தைந்து புத்தகங்கள். அவற்றுள் நாற்பத்தெட்டுப் புத்தகங்கள் அட்டை கட்டுவதற்காக அனுப்பப்பட்டன. நூலகத்தில் எஞ்சியவை எத்தனை?

டிலானி ஆறு, முப்பத்தைந்து, நாற்பத்தெட்டு என்று மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினாள். எண்பத்தொன்பது. என் முகத்தைப் பார்த்தாள். என் புருவம் சுருங்கியிருக்க வேண்டும். உடனே அழித்தாள். ஆறையும் முப்பத்தைந்தையும் பெருக்கினாள், இருநூற்றுப் பத்து. மறுபடி பார்த்தாள். நான் தலையாட்டியிருப்பேன். நாற்பத்தெட்டை எடுத்துக் கூட்டல் அடையாளம் போட்டாள், பார்த்தாள், அதைக் கழித்தல் ஆக்கினாள். நூற்று அறுபத்திரண்டு. விடை சரி.

அவளை அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், இரண்டாவது கணக்கில் விரலை வைத்து, வாசிக்கச் சொல்லிச் சைகை காட்டினேன்.

“ஒரு... தோ... தோசை...”

அந்தச் சொல் ‘தோட்டத்தில்’. முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஊகித்தாள். அடுத்த சொல்லிலும் அப்படித்தான். மூன்றாவது சொல்லில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபமோ அழுகையோ வரவில்லை. பிடிபட்டுவிட்ட பிள்ளை என்ன நடக்கப்போகிறது என்று காத்துக்கொண்டு நிற்குமே, அப்படி நின்றாள்.

நான் அவள் தலையைத் தடவிவிட்டு மேசைக்குத் திருப்பி அனுப்பினேன்.

4. ஐந்து கிழமை

அன்றே கணவரிடம் சொன்னேன், தாளில் எழுதித்தான். அவர் வாசித்துவிட்டுக் கேட்டார்: “தாயிட்டச் சொன்னீரோ?”

‘குரல் வரட்டும்’ என்று எழுதினேன்.

குரல் மூன்று நாளில் வந்துவிட்டது. அவர் மறுபடி கேட்டார். “இப்ப சொன்னா அந்தப் பிள்ளை உடைஞ்சுபோகும்” என்றேன். “அந்த மனுசி கடை முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறா. இந்த நேரத்தில போய் என்னெண்டு சொல்லுறது?”

“பிள்ளைக்காகச் சொல்லாம இருக்கிறீரோ, உமக்காகவோ?”

“ரெண்டுக்கும்தான்” என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

தினமும் இருபது நிமிடம் வாசிக்க வைத்தால் ஐந்து கிழமையில் என்ன முன்னேற்றம் வரும் என்று ஒரு கொப்பியில் அட்டவணைகூடப் போட்டேன். ஆனால் அவளை மட்டும் தனியாக இருத்தினால் மற்றப் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களின் தாய்மார் கேட்பார்கள். எழுபத்தெட்டு எப்படி வந்தது என்ற கேள்வி வரும். ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று அட்டவணையின் முதல் நாளை மூன்று முறை மாற்றி எழுதினேன். வகுப்பில் முன்பைப் போலவே நானே வாசித்தேன். உண்மையைச் சொன்னால் முன்பைவிட நன்றாக வாசித்தேன். அவளுக்காக இன்னும் தெளிவாக, இன்னும் நிறுத்தி, கையை இன்னும் ஆட்டி. அதைத்தான் உதவி என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை நாள் காலை அவளுடைய பள்ளிக்கூட வாசலில் நின்றேன். “கவனமா வாசிச்சுச் செய், என்ன?” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. “ஓம் மிஸ்” என்றாள்.

5. கேக் பெட்டி

பெறுபேறு வந்தது. டிலானி வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் இல்லை. என்னிடம் படித்த மற்றப் பிள்ளைகளில் இரண்டு பேர் சித்தியடைந்தார்கள், மற்றவர்களும் மோசமில்லை. ஜெயந்தி அக்கா இரண்டு நாள் கழித்து ஒரு ரிபன் கேக் பெட்டியோடு வந்தார். டிலானி அவர் பின்னால் நின்றாள்.

“நீங்க எவ்வளவோ பாடுபட்டனீங்கள் மிஸ். இவளுக்குத்தான் குடுத்துவைக்கேல்ல.”

“அப்படிச் சொல்லாதீங்கோ அக்கா.”

“வேற என்ன சொல்லுறது? உங்களிட்ட எழுபத்தெட்டு எடுத்தவள், அங்க போய்க் கோட்டை விட்டிட்டாள். விளையாட்டுப் புத்தி. முழுநாளும் டிவி.” திரும்பி மகளைப் பார்த்து, “மிஸ்ஸிட்ட சொறி சொல்லு” என்றார்.

“சொறி மிஸ்” என்றாள் டிலானி.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். நான் கேக் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தேன். “பரவாயில்லை, இனி நல்லாப் படிக்கவேணும்” என்றேன்.

அந்த மன்னிப்பைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. சித்தியடைந்த பிள்ளைகளின் தாய்மார் போன் எடுத்து நன்றி சொன்னபோதெல்லாம் அது காதில் கேட்டது. வகுப்பை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். நிறுத்தினால் நான் நல்லவள் ஆகிவிடுவேனா என்றும் யோசித்தேன். இப்படி யோசித்தே நான்கு மாதம் போனது.

6. கொட்டாஞ்சேனை

ஏறி இறங்கியும் எங்கள் வெள்ளவத்தைப் பக்கம் பாடசாலை கிடைக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் இடம் கிடைத்து, ஜெயந்தி அக்கா தன் தங்கை வீட்டுக்கு அருகிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிக் கடைக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போனேன்.

ஜெயந்தி அக்கா தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் கப்பைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் நான் வாசிக்கச் சொல்லிப் பார்க்காதது, எழுபத்தெட்டு வந்த விதம், புதன்கிழமை கண்டது, சொல்லாமல் விட்டது. டிலானி கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெயந்தி அக்கா விரல் மடக்கி எண்ணினார்.

“அஞ்சு கிழமை இருந்திருக்கு மிஸ்” என்றார் பிறகு. “ஒரு நாளைக்கு ஒரு பக்கமெண்டாலும் நான் இருத்தி வாசிப்பிச்சிருப்பன்.”

“ஓம் அக்கா.”

“பாஸ் பண்ணியிருக்க மாட்டாள்தான். அது வேற. ரிசல்ட் வந்த அண்டைக்கு நான் இவளுக்கு அடிச்சனான். விளையாட்டுப் புத்தியெண்டு அகப்பையால அடிச்சனான். அடிச்சுப்போட்டு உங்களுக்குக் கேக் வாங்கிக்கொண்டு வந்தனான்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மகள் பக்கம் திரும்பி, “நீயாவது சொல்லியிருக்கலாமேடி, வாசிக்கத் தெரியேல்ல எண்டு” என்றார்.

டிலானி என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: “மிஸ்ஸுக்குத் தெரியும்தானே அம்மா. மிஸ் கண்டுபிடிச்சவ. பிறகு ஒண்டும் சொல்லேல்ல. அதால அது பெரிய பிழை இல்லையாக்கும், சோதினைக்கிடையில தானா வந்திடுமாக்கும் எண்டு நினைச்சன்.”

பத்து வயதுப் பிள்ளை என் மௌனத்தை வைத்து ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறாள். என் முகத்தை வாசிக்க அவளைப் பழக்கியதும் நான்தான்.

ஜெயந்தி அக்கா, “தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ” என்றார். குடித்தேன். இனி டிலானிக்கு நான் வந்து வாசிப்புச் சொல்லித்தரட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம் மிஸ், தங்கச்சி பாத்துக்கொள்ளுறா” என்றார். அது நியாயம்.

வகுப்பை நான் நிறுத்தவில்லை. இப்போது என்னிடம் எட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். கணக்கை அவர்கள்தான் வாசிக்கிறார்கள், முதலில் சத்தமாக, பிறகு மனதுக்குள். வாசித்தபின் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எண்களை விட்டுவிட்டுக் கதையை மட்டும் எனக்குச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பென்சில். நேரம் இரண்டு மடங்கு போகிறது, ஒரு வகுப்பில் மூன்று கணக்கைத் தாண்ட முடிவதில்லை. தாய்மாரில் சிலர் முறைப்பாடு சொல்லி வேறு இடம் போய்விட்டார்கள். பிள்ளைகள் கணக்குச் செய்கையில், என் முகம் தெரியாதபடி முதுகு காட்டி நின்று மகளின் உடுப்பை மடிப்பேன். அது பழகக் கஷ்டமாகத்தான் இருந்தது.

வீட்டில் வகுப்பு நடத்தும் தாய்மாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பிள்ளையின் குறை உங்கள் கண்ணில் பட்ட நேரத்தை அந்தப் பிள்ளையும் கவனித்திருக்கும். அதன்பின் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அது பார்த்துக்கொண்டிருக்கும். இப்போதெல்லாம் அப்படி ஒன்று தெரிந்தால், வகுப்பு முடிந்து அந்தப் பிள்ளை சப்பாத்துப் போட்டு முடிப்பதற்குள், அதன் முன்னாலேயே தாய்க்குப் போன் எடுத்துவிடுகிறேன்.