பதினொரு மணிக் காய்ச்சல்

எங்கள் தையல் ஆலையின் குழந்தைகள் அறையில் ஒரு நர்ஸ் சிஸ்டர் இருக்கிறார். தாய்மார்கள் அவருக்கு வைத்த பெயர் தெர்மாமீட்டர். அக்குளில் வைத்த கருவி கத்துவதற்கு முன்பே இவர் கத்திவிடுவார். நான் அங்கே ஆயா. பதினாறு வருஷமாக அவரிடம் திட்டு வாங்குகிறவள் என்பதால் அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

காய்ச்சலோடு வரும் குழந்தையை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவர் மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கிய விதி. ஒன்றுக்கு வந்தால் இருபதுக்கும் தொற்றும் என்றார். நியாயம்தான். ஆனால் குழந்தை திரும்பினால் அம்மாவும் திரும்ப வேண்டும். மாதத்தில் மூன்று நாள் அப்படிப் போனால் வேலையே போய்விடும். அதனால் இந்த மகராசிகள் ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். பக்கத்துச் சந்தில் நின்று காய்ச்சல் மருந்தை ஊற்றி, உடம்பு குளிர்ந்ததும் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து விடுவார்கள். பதினொரு மணிக்குக் காய்ச்சல் திரும்ப ஏறும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி கொடுக்காதே, எடைக்குத் தக்க அளவு, சமையலறைக் கரண்டியால் ஊற்றாதே, போர்த்தி மூடாதே, தண்ணீர் கொடு என்று மாதாமாதம் சிஸ்டர் தொண்டை கிழியச் சொல்வார். எல்லாத் தலையும் ஆடும். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு நாள் பதினொரு மணிக்குப் பொத்தான் தைக்கிறவளின் மகளுக்கு நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். ஒன்றரை வயது. சிஸ்டர் போனில் தாயைக் கூப்பிட்டார்.

"காலைல மருந்து ஏதாவது கொடுத்தியா?"

"இல்ல சிஸ்டர். சத்தியமா இல்ல."

சிஸ்டர் மருந்தை அளந்தார். நான் குழந்தையின் சட்டையைத் தளர்த்தினேன். கழுத்து மடிப்பு பிசுபிசுத்தது. கையை முகர்ந்தால் காய்ச்சல் மருந்தின் அதே பழ வாசனை.

"சிஸ்டர், ஊத்தாதீங்க," என்றேன்.

அவரும் முகர்ந்தார். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இருநூறு மெஷின்களுக்கு நடுவே விறுவிறுவென நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எத்தன தடவ ஊத்தின?"

தாய் கையிலிருந்த பொத்தானையே பார்த்தாள். "அஞ்சு மணிக்கு ஒண்ணு. குறையல. எட்டு மணிக்குச் சந்துல இன்னொண்ணு."

"மூணாவத நான் ஊத்தியிருப்பேன். என் கையால. பிள்ளையோட ஈரல் என்னத்துக்குடி ஆகும்? ஏன்டி பொய் சொன்ன?"

"நெசத்தச் சொன்னா உள்ள விட்டிருப்பீங்களா சிஸ்டர்?"

சிஸ்டர் குழந்தையை அவள் மடியில் வைத்து, அவள் மெஷினை அணைத்தார். எனக்கோ வயிறு எரிந்தது. இவள் மேல் எரிந்தது. கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு வந்த சூப்பர்வைசர் மேல் அதைவிட எரிந்தது.

"லைன் நிக்குது," என்றான் அவன்.

"நிக்கட்டும்யா," என்றேன்.

தாயையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு நாங்களே கூட்டிப்போனோம். இரத்தம் எடுத்துப் பார்த்து, ஈரல் தப்பித்தது என்றார் டாக்டர். ஆட்டோ ஏறியதிலிருந்து சிஸ்டர் ஒருத்தரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாலையில் வாசலிலிருந்த விதிப் பலகையைக் கழற்றி மேனேஜரின் மேசையில் போட்டார்.

"நீங்கதானே சிஸ்டர் கேட்டு வாங்கினீங்க?"

"ஆமா, நான்தான் வாங்கினேன். அந்தப் பொண்ணுக்குப் பொய் சொல்லக் கத்துக்கொடுத்ததும் நான்தான். காய்ச்சல் பிள்ளைங்க இனிமே என் மருந்து ரூம்ல தனியா படுக்கும். முடியாதுன்னா நாளைலேர்ந்து நீங்களே வந்து வாசல்ல நில்லுங்க."

மேனேஜர் பலகையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார்.

நான்காம் நாள் பொத்தான்காரி மகளோடு வந்தாள். கூட நின்ற பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இன்னும் நூத்தொண்ணு இருக்கு சிஸ்டர். ஆறு மணிக்கு, நீங்க கொடுத்த அளவு மூடியால அளந்து ஒரு தடவ கொடுத்தேன்."

சிஸ்டர் மணியைக் குறித்துக்கொண்டு குழந்தையை வாங்கினார். அப்போதுதான் அதன் தலையிலிருந்த கம்பளிக் குல்லா கண்ணில் பட்டது.

"இது எதுக்குடி? காய்ச்சல அடைகாத்துப் பொரிக்கப் போறியா?" என்று கத்தினார். வரிசையில் நின்ற இன்னொருத்தி, தன் பிள்ளையின் குல்லாவைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, "சிஸ்டர், இவனுக்கும் காய்ச்சல்தான்," என்றாள்.