வாய் உடையாத நத்தை

அந்த நத்தையினம் பூண்டற்றுப் போய்க் கோடிக்கணக்கான வருஷங்கள் ஆகின்றன. அதற்கு ஒரு குடும்பம் தேடித் தருவதில்தான் என் இளமை கரைந்தது. மற்ற சிப்பிகளின் ஓட்டைத் துளைத்துச் சதையைத் தின்று வாழ்ந்த கடல் நத்தை அது. கல்லாகிப்போன அதன் ஓடுகளை அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் பொறுக்கினேன்.

உயிரின வகைப்பாட்டில் அதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்பது ஓட்டின் வாயைப் பொறுத்தது. வாயின் அடிவிளிம்பு குழல்போல் நீண்டிருந்தால் ஒரு குடும்பம், உருண்டிருந்தால் வேறு. கிடைத்ததெல்லாம் வாய் நொறுங்கியவை. ஒன்றே ஒன்று முழுசாக இருந்தது, அதில் குழலும் இருந்தது. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் நம்பவில்லை. படம் போட்டுக் காட்டினால் போதாது, கல்லையே கொண்டுவா என்றுவிட்டார். பெரிய மனிதர்களுக்குச் சந்தேகப்படுவது சுலபம்.

எழுபதுகளின் கடைசி அது. ஏற்காட்டில் டீச்சர் வேலை, கரடியூரில் ஒரு வீட்டில் வாடகை அறை. நத்தையைப் பத்திரமாகக் கொண்டுபோகப் பஞ்சும் தகர டப்பாவும் வாங்கிக்கொண்டு, சேலத்தில் அக்கா வீட்டில் சில நாள் தங்கிவிட்டுப் பொங்கலுக்கு முன்னால் திரும்பினேன். என் அறைச் சுவர்கள் பளிச்சென்று இருந்தன. அந்த முழு நத்தையோடு எல்லா ஓடுகளையும் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்திருந்த கூடை காலி.

வீட்டுக்கார அம்மா சிரித்த முகத்தோடு வந்தார். "வெள்ளையடிக்கத்தான் சிப்பி வாங்கி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேனுங்க டீச்சர். நானே சுட்டுத் தண்ணி ஊத்தி நீத்துனேன். கடைச் சுண்ணாம்புல இத்தன வெளுப்பு வராதுங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தியிருப்பேன். சுண்ணாம்பு பட்டுக் கொப்பளித்திருந்த அவர் விரல்களைப் பார்த்ததும் உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்தேன்.

விடுமுறையில் அரியலூருக்கு ஓடினேன். நான் பொறுக்கிய அடுக்கு முழுவதையும் சிமென்ட்டுக்காக வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். அதற்கடியில் வேறு மண், வேறு காலம். பேராசிரியர் கையை விரித்தார். கல் இல்லாமல் எதையும் ஏற்க முடியாது, 'குடும்பம் தெரியாதது' என்றே இருக்கட்டும் என்றார். திரும்பி வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கார அம்மா பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடற்கரைக்குப் போனால் வேறு பொறுக்கிக்கொள்ளலாமே என்றார். இனி எந்தக் கடலிலும் அது கிடைக்காது, மனுசன் பிறப்பதற்கு முன்பே அந்த இனம் முழுக்கச் செத்துப்போய்விட்டது என்றேன்.

அவர் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"அப்பவே செத்ததுக்கு இப்ப எதுக்குங்க சாமி அழுவறீங்க?"

நியாயமான கேள்வி. அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பிடிப்பெல்லாம் விட்டுப்போயிற்று. அந்த ஆராய்ச்சியை அதன்பின் நான் தொடவே இல்லை.