பத்தொன்பதாம் வாசகமும் சாமி படமும்

பாராளுமன்றத்தில் பேசுவதை ஒரு வேலை என்றே நான் மதித்ததில்லை. டிவி செய்தியில் சபையைக் காட்டினால் அம்மா எழுந்து அரிசி களையப் போவார், நான் சத்தத்தைக் குறைப்பேன். அப்படிப்பட்ட என்னைத்தான் விதி பதுளையில் ஒரு எம்.பி.யின் அலுவலகத்தில் டைப் அடிக்க உட்காரவைத்தது. என் விதிக்குக் கேலி கொஞ்சம் அதிகம்.

எம்.பி. பண்டாரவளைக்காரர். அரசியலுக்கு வருமுன் மரக்கறி மொத்த வியாபாரம் செய்தவர். சட்டமூலம் எதுவானாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். முதல் தடவை பார்த்தபோது, இவருக்கு எந்தப் பக்கம் தொடக்கம் என்றே தெரியவில்லையோ என்று நினைத்தேன். வாயைக் கட்ட முடியாமல் கேட்டும்விட்டேன்.

"மூட்டையில மேல எப்பவும் நல்ல கேரட்டாத்தாம்மா அடுக்குவாங்க. அழுகினது அடியில கெடக்கும்" என்றார்.

சட்டத் தமிழ் அவருக்குக் கரடுமுரடு. அதனால் நான் சத்தமாக வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்குகிறாரோ என்று ஒருநாள் சோதிப்பதற்காக ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தேன். கண்ணைத் திறக்காமலே, "நடுவுல ஒண்ண முழுங்கிட்டீங்க" என்றார். அதற்குப் பிறகு அந்த விளையாட்டை வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் ஒரு சட்டமூலம் வந்தது. தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்கு அவரவர் வீட்டுக் காணிக்கு உறுதிப் பத்திரம் கொடுப்பது அதன் நோக்கம். அம்மா தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர். லயம் என்ற வரிசை வீட்டில் குடியிருக்கும் அறையில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அது தோட்டத்துச் சுவர். வீடுகளுக்கென்று அளந்து வைத்த காணித் துண்டுகளில் ஒன்றுக்கு அம்மாவின் பெயர் எழுதியாகிவிட்டது. இந்தச் சட்டம் நிறைவேறினால் அது அம்மாவுடையது.

வழக்கம்போல் பின்னாலிருந்து வாசித்துக்கொண்டு வந்தேன். சட்டமூலத்தில் ஒவ்வொரு பிரிவையும் வாசகம் என்பார்கள். பத்தொன்பதாம் வாசகத்தில் என் குரல் நின்றது. உரித்துடையவருக்கு அறிவித்தல் பதிவுத் தபாலில் அனுப்பப்படும். தபாலில் இட்டாலே அவருக்குக் கிடைத்ததாகக் கொள்ளப்படும். பதினான்கு நாளில் பதில் இல்லையென்றால் அவர் காணியைக் கைவிட்டவராவார்.

"தோட்டத்துக்குப் பதிவுத் தபால் வரும்தானே?" என்று எம்.பி. கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "வரும் சேர். ஆபீஸ் வரைக்கும் வரும். அதுக்கப்புறம் எங்க போகும்னு கேட்டுப் பாருங்க" என்று சீறிவிட்டேன். நான் வேலை பார்ப்பதே அவரிடம் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் இல்லை.

எங்கள் டிவிஷன் முழுவதற்கும் ஒரே விலாசம்தான். லயத்துக்கும் நம்பர் இல்லை, வீட்டுக்கும் நம்பர் இல்லை. தபால் எல்லாம் தோட்டத்து ஆபீஸில் இறங்கும், அங்கே யாரோ கையெழுத்துப் போட்டு வாங்குவார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டில் கங்காணி பெயரைக் கூப்பிடுவார். யார் கை நீள்கிறதோ அவரிடம் கடிதம் போகும். என் பெயரும் மேல் லயத்து அத்தை ஒருவரின் பெயரும் ஒன்று, முதலெழுத்தும் ஒன்று. ஆசிரியர் நியமனத்துக்கு எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதத்தை அவர்தான் வாங்கியிருக்கிறார். சிங்களத்தில் இருந்தது, மேலே அரசாங்க முத்திரை. வாசிக்கத் தெரியாத அரசாங்கக் கடிதத்தை எங்கள் ஆட்கள் கிழிக்கவும் மாட்டார்கள், எறியவும் மாட்டார்கள். சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைப்பார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் படத்தைக் கழற்றியபோதுதான் கடிதம் விழுந்தது. தேர்வு முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அத்தையோடு நான் பேசவில்லை.

இதையெல்லாம் எம்.பி.யிடம் கொட்டினேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "ஞாயித்துக்கெழம என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க. ஒவ்வொரு வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னாலயும் நான் பார்க்கணும்" என்றார்.

போனோம். லயத்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, "படத்துக்குப் பின்னால இருக்கிற கடுதாசியெல்லாம் கொண்டாங்க" என்றார். சனம் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. விபூதி படிந்தவை, கரப்பான் அரித்தவை, பிரிக்காமலே பழுத்துப்போனவை. சிங்களக் கடிதங்களை அவர் ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொன்னார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வரச் சொன்னது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரச் சொன்னது. எல்லாமே நாள் கடந்தவை. இத்தனை வருஷம் அந்த லயத்திலேயே வளர்ந்த எனக்கே இது தெரியாது. எனக்கு மட்டும்தான் நடந்தது என்று பொருமிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேல் லயத்தில் அத்தை ஓரமாக நின்றார். நான் வந்திருப்பதால் கிட்ட வரத் தயங்கினார் என்று நினைத்தேன். அப்படியில்லை, கண் சரியாகத் தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கடிதம். எம்.பி. அதை வாசித்துவிட்டு, தேதியை மறுபடியும் பார்த்தார்.

"அம்மா, இது கண் ஒப்பரேஷனுக்கு உங்களை வரச்சொன்ன கடுதாசி. ரெண்டு வருஷமாச்சு."

"ஆமாங்களா?" என்றார் அத்தை. "நான் நல்ல சேதியாத்தான் இருக்கும்னு அதுக்குஞ் சேத்துத்தாங்க தெனமும் வெளக்கேத்துனேன்."

பாவி, நான் இந்த மனுஷியோடு ஆறு வருஷமாகப் பேசாமல் இருந்திருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன். எம்.பி. அந்தக் கடிதத்தைக் கொஞ்ச நாளைக்குத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்.

விவாத நாளில் பதுளை அலுவலகத்தில் போனைச் சுவரில் சாய்த்துவைத்து நேரலையைப் பார்த்தேன். பக்கத்துத் துணிக்கடை நானா இரண்டு பிளேன்டீயோடு வந்து உட்கார்ந்தார். "ஒங்கட சேருக்கு எத்தன நிமிஷம்?" என்றார்.

"ஏழு."

முன்னால் பேசியவர் இழுத்த இழுப்பில் அது நாலாகிப்போனது. நன்றி சொல்லியே நாலையும் தீர்த்துவிடுவார் என்று பயந்தேன். கோயில் திருவிழாவில் அவர் மைக்கைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அவர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. எழுந்து, விபூதி படிந்த அந்தக் கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார். தமிழில் பேசினார். "இந்தக் கடிதம் அனுப்பப்பட்டது, தோட்டத்துக்கு வந்தும் சேர்ந்தது. பத்தொன்பதாம் வாசகத்தின்படி பார்த்தால் அந்த அம்மாவுக்கு அறிவித்தாயிற்று. அவர் இரண்டு வருஷம் இதற்கு விளக்கேற்றிக் கும்பிட்டார். கும்பிடக் கும்பிடக் கண் போய்க்கொண்டிருந்தது. நாளைக்கு இதே தபாலில் இதே படத்துக்குப் பின்னால் போகப்போவது அவருடைய காணி."

சபையில் மற்றவர்கள் காதில் கருவியை வைத்து மொழிபெயர்ப்பில் கேட்பார்கள். அதனால் தமிழில் சொன்னது அவர்களுக்குச் சில விநாடி பிந்தித்தான் போய்ச் சேரும். முதலில் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும்தான் இருந்தார்கள். பிறகு ஒரு வரிசை அடங்கியது, அடுத்த வரிசை திரும்பிப் பார்த்தது. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். எங்கள் மேல் லயத்தில் சாமி படம் தொங்கும் சுவரே அங்கே போய் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். நானா தேநீரைக் குடிக்க மறந்துபோனார்.

பேசியதோடு முடிந்ததா? இல்லை. சாயந்திரம் குழுநிலை, அதாவது வாசகம் வாசகமாக எடுத்துத் திருத்தும் நேரம். தவிசாளர் சிங்களத்தில் விறுவிறுவென்று எண்ணிக்கொண்டு போனார். பதினாறு, பதினேழு, பதினெட்டு. அந்த வேகத்தில் பத்தொன்பதும் ஓடிவிட்டால் அம்மாவின் காணி தபால் பையோடு சரி. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது என்றதும், சட்டமூலத்தைக் கொண்டுவந்த அமைச்சரே எழுந்தார். அறிவித்தலை உரியவருடைய கையிலேயே, அவருடைய மொழியிலேயே கொடுத்து, அவருடைய கையெழுத்தை வாங்க வேண்டும், நாட்கள் அன்றிலிருந்துதான் எண்ணப்படும் என்று திருத்தத்தை வாசித்தார். எதிர்ப்பு இல்லை. முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அல்லாஹ்!" என்றார் நானா. நான் கோபத்தில் கத்தியதும், அத்தை விளக்கேற்றியதாகச் சொன்னதும் நாட்டின் சட்டத்துக்குள் போய்விட்டன. சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதர் முன்னால் எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. மறுநாள் அவர் அலுவலகத்துக்கு வந்தபோது உண்மையாகவே நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். "என்னம்மா, கதிரை ஒடஞ்சிருச்சா?" என்றார்.

சில மாதம் கழித்துக் கிராம சேவகர் லயத்துக்கு நடந்து வந்தார். அம்மாவின் கையில் தமிழ்க் கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். அம்மா பழக்கதோஷத்தில் அதைச் சாமி படத்தருகே கொண்டு போய்விட்டார். பாதியில் நின்று, திரும்பி வந்து, "வாசி" என்று என்னிடம் நீட்டினார். அன்றைக்கே பதில் எழுதினோம்.

அத்தைக்கும் ஆஸ்பத்திரியில் புதிதாக நாள் கிடைத்தது. ஒரு கண் மீளவில்லை, மற்றது மீண்டது. சபையில் பேசியதை அச்சடித்து வரும் ஹன்சார்ட்டில் எம்.பி.யின் பேச்சிருந்த பக்கத்தைப் பிரதி எடுத்து, அத்தையின் பழைய கடிதத்தோடு அவரிடம் கொண்டுபோனேன். முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

"என்னையச் சொன்னது எந்த எடத்துல?" என்றார்.

விரலை வைத்துக் காட்டினேன். அந்த ஒற்றைக் கண்ணால் அந்த வரியை வெகு நேரம் பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகப் போனார்.

"அத்தை, மறுபடியும் அங்கயா?" என்றேன்.

"இது வாசிச்ச கடுதாசிதானே புள்ள" என்றார். "இது இருக்கலாம்."